செம்புத் தாதின் நஞ்சும் அதனை உலைக்கு முன் நீக்குதலும்

மண்ணிலிருந்து தோண்டிய தாதினை உலையிலிட்டு உருக்கினாற் செம்பு வருமென்பது நாம் யாவரும் கீழ்வகுப்பிற் கற்ற செய்தி. அது பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. தாதுக்கும் உலைக்கும் இடையே ஒரு படி உண்டு. பாடநூல்கள் அதனை இரண்டு வரியிற் கடந்து செல்லும். ஆனால், அப்படியிற் செய்த பிழைகளால் மேய்ச்சல் நிலங்கள் பாழாயின, கால்நடைகள் மடிந்தன, வழக்குகள் பல்லாண்டு நடந்தன. தாதோடு கூடப் பிறந்த நஞ்சை உலையிற் புகுமுன் அகற்றுதலே அப்படி. அதனைச் சற்று விரிவாக நோக்குவது இரசாயனவியல் மாணவர்க்கு மட்டுமன்றி ஏனையோர்க்கும் பயன்படும்.

செம்பு கந்தகத்தோடு பெருநட்புடைய உலோகம். உலகிற் கிடைக்கும் செம்பின் பெரும்பகுதி கந்தகத்தோடு கூடிய தாதுகளிலிருந்தே எடுக்கப்படுகின்றது. அவற்றுள் முதன்மையானது செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சல்கோபைரைற்று. தூயதாயின் அதில் நூற்றுக்கு 34.6 பங்கு செம்பு உண்டு. திருக்கோணமலை மாவட்டத்துச் சேருவிலையில் 1971 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட படிவிற் காந்தக் கல்லோடு கலந்து கிடைக்கும் செம்புக் கனியும் பெரும்பாலும் இதுவே. இத்தாது மட்டும் எங்கும் தூயதாய்க் கிடைப்பதாயின் இக்கட்டுரைக்கு வேலையில்லை. ஆனால், செம்பு எங்கே கந்தகத்தை நாடுகின்றதோ அங்கே ஆசனிக்கு, அந்திமனி, பிசுமது, இரசம் முதலியனவும் வந்து சேருகின்றன. இவற்றுள் அளவாலும் கொடுமையாலும் தலைமை பெறுவது ஆசனிக்கு.

நஞ்சு தாதின்மீது சேறுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதாக எண்ணுதல் கூடாது. எனாகைற்று என்னும் கனியை எடுத்துக்கொள்வோம். அதன் நூறு பங்கில் 48 பங்கு செம்பு, 19 பங்கு ஆசனிக்கு, மிகுதி கந்தகம். மூன்றும் ஒரே பளிங்கினுள் அணுவோடணுவாகப் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு நுண்ணிதாக அரைத்தாலும் அரைத்த துகளொவ்வொன்றிலும் செம்பும் நஞ்சும் அதே விகிதத்தில் இருக்கும். ஆன்மாவைப் பற்றிய மலத்துக்குச் செம்பிற் களிம்பினைச் சைவ சித்தாந்திகள் உவமை காட்டுவதை நம் மாணவர் அறிவர். களிம்பு காற்றும் நீரும் பட்டுப் பின்னர்த் தோன்றுவதென்று இரசாயனவியலார் குறுக்கிடலாம். அவர் குறுக்கிடாத உவமை வேண்டுமாயின் எனாகைற்று இருக்கின்றது. அதன்கண் மலம் உண்மையிலேயே உடன்பிறந்தது.

இனி, இந்நஞ்சை உலைக்கு முன்னரே நீக்கவேண்டியதேன்? உலையின் பெருவெப்பத்தில் அது தானே எரிந்து போகாதோ எனின், எரிந்து போவது வேறு, இல்லாது போவது வேறு. ஆசனிக்கு ஒரு மூலகம். நெருப்பு அதனை ஒட்சிசனோடு சேர்க்கும். ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துரத்தும். ஒருபோதும் அழிக்காது. இதனை மனத்திற் கொண்டாற் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

நஞ்சுள்ள தாதினை நேரே உருக்கும் உலையிலிட்டால் ஆசனிக்கு மூன்று வழியிற் பிரிந்து ஓடுகின்றது. ஒரு கூறு புகையோடு செல்லும். ஒரு கூறு கசட்டிற் படியும். எஞ்சியது செம்போடு சென்று உலோகத்திற் கலந்து நிற்கும். செம்பின் ஆயிரம் பங்கில் ஒரு பங்கு ஆசனிக்குக் கலந்தாலே மின்கடத்துதிறன் ஏறத்தாழக் காற்பங்கு குறைந்துவிடும். வெவ்வேறு ஆலைகளின் செப்புக் கம்பிகள் மின்னைக் கடத்துவதில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைச் சமுத்திரத் தந்திவடம் இடும் முயற்சி நடந்த காலத்தில், 1857 இல், வில்லியம் தொம்சன் அளந்து காட்டினார். அவ்வேறுபாட்டின் பெருங் காரணம் இத்தகைய சிறு கலப்புகளே. ஒரு பகைவன் ஒரு வாயிலால் வந்தாற் காத்து நிற்கலாம். மூன்று வாயிலாலும் வந்தாற் காவலர் எங்கு நிற்பர்? உலைக்கு முன் நீக்குதலின் நோக்கம் நஞ்சை ஒரே வாயிலாற் போகச் செய்து அவ்வாயிலிலே பிடித்தலாகும்.

பண்டைக் காலத்தார் இதனை வேறு கண்ணால் நோக்கினர். சிறிது ஆசனிக்குக் கலந்த செம்பு தனிச் செம்பினும் கடினமானது. வெள்ளீயங் கலந்த வெண்கலம் பரவுமுன்னர்க் கத்தியும் கோடரியும் வார்ப்பதற்கு மேற்காசியாவிலும் பிறவிடங்களிலும் அதனையே கையாண்டனர். அதற்கு விலை கொடுத்தோர் உலைக்களத்தில் நின்றோர். ஆல்ப்சு மலைப் பனியில் 1991 இற் கண்டெடுத்த, ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மனிதவுடலின் தலைமயிரிற் செம்பும் ஆசனிக்கும் மிகுந்திருந்தன. அவன் செம்புருக்கும் இடத்திற் பழகியவனாகலாமென ஆய்வாளர் சிலர் கருதினர். சேர்மனியச் சுரங்கத்தாரிடமும் ஒரு கதையுண்டு. செம்பின் நிறங்காட்டிய ஒரு கல்லை அவர் உருக்கியபோது செம்பு வரவில்லை. நச்சுப் புகையே வந்தது. குறளி செய்த மாயமென்று எண்ணி அதனைக் குறளிச் செம்பு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அக்கல் நிக்கலும் ஆசனிக்கும் சேர்ந்தது. நிக்கல் என்னும் பெயரே அந்தக் குறளியின் பெயர்தான்.

நம் நாட்டுச் சித்த வைத்தியரும் இந்நஞ்சை நன்கறிந்தவர். அரிதாரம், மனோசிலை இரண்டும் ஆசனிக்கும் கந்தகமும் கூடியவை. வெள்ளைப் பாஷாணம் என்பது ஆசனிக்கு ஒட்சிசனோடு சேர்ந்த மூவொட்சைட்டு. பின்னையது சுவையும் மணமும் அற்ற வெண்டூள். ஒரு கிராமின் பத்திலொரு பங்கு முதல் இரண்டு பங்கு வரை வயிற்றிற் சென்றால் உயிர்போகும். அதன் இன்னோர் இயல்பே நமக்கு இங்கு வேண்டியது. சூடேறினால் அது நேரே ஆவியாகும். குளிர்ந்தால் மீண்டும் தூளாய்ப் படியும். தாதினை வறுத்து நஞ்சு நீக்கும் கலை முழுதும் இவ்வொரு குணத்தின்மீது கட்டப்பட்டது. ஆசனிக்குள்ள கல்லை நெருப்பிற் காய்ச்சும்போது உள்ளி மணம் எழுமென்று பழைய சுரங்கத்தார் அறிந்திருந்தனர். அம்மணம் வரின் விலகி நிற்பதே அறிவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கே, தேவன் மாவட்டத்திலிருந்த தேவன் கிறேற்று கொன்சல்சு என்னும் சுரங்கம் இக்கலைக்குப் பேர்பெற்றது. 1844 இற் செம்புக்காகத் திறந்த அச்சுரங்கத்திற் செம்பு குறையவே, அதனோடு கிடந்த ஆசனிக்குக் கல்லே வாணிபப் பொருளாயிற்று. கல்லைச் சுழலும் அடுப்பில் வறுப்பர். எழும் புகையை நெடிய, வளைந்து வளைந்து செல்லும் கல்லறைகளினூடே செலுத்துவர். புகை போகப் போகக் குளிர்ந்து சுவரிலெல்லாம் நஞ்சினைப் படியவிடும். பின்னர் அறைகளைத் திறந்து ஆட்கள் உட்புகுந்து சுரண்டி எடுப்பர். அவர்க்கிருந்த காப்பு மூக்கில் அடைத்த பஞ்சும், வாயிற் கட்டிய துணியும், தோலிற் பூசிய களிமண்ணுமே. சுரண்டிய தூள் சுவர்த்தாளுக்குப் பச்சைச் சாயமாகவும், ஆட்டுமயிரில் உண்ணி கொல்லும் மருந்தாகவும், பின்னாளிற் பயிர்ப்பூச்சி கொல்லியாகவும் உலகெங்கும் சென்றது. நஞ்சு செம்பிலிருந்து நீங்கியது, மனிதரிடமிருந்து நீங்கவில்லை.

அட்லாந்திக்குக்கு அப்பால் நிகழ்ந்தது இதனினும் பெரிது. தெனசி மாகாணத்து தக்தவுனிற் செம்புத் தாதினை விறகின்மேற் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தனர். விறகுக்காக மரம் போயிற்று. எழுந்த கந்தகப் புகையால் எஞ்சிய புல்லும் போயிற்று. அயல் மாகாணமாகிய யோர்சியா தொடுத்த வழக்கில் 1907 இல் உயர்நீதிமன்றம் அம்மாகாணத்தின் பக்கமே நின்றது. புகையைப் பிடித்துக் கந்தகவமிலமாக்கும் முறை அங்கு வேரூன்றியது. சில ஆண்டுகளில் அமிலமே செம்பினும் மேலான வருவாயைத் தந்தது. கந்தகத்தின் கதை இவ்வாறு நன்றாக முடிந்தது. ஏனெனிற் கந்தகவமிலத்தை வாங்குவோர் உளர். ஆசனிக்கின் கதை அத்தகையதன்று.

மொந்தானா மாகாணத்து அனக்கொண்டாவில் 1902 இற் பேருலையொன்று எரியத் தொடங்கியது. அண்மையிலுள்ள பியூட் மலையின் தாதில் எனாகைற்று மிகுதி. அவ்வாண்டின் இறுதிக்குள்ளே பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் ஆடும் இறந்து விழுந்தன. கம்பனி இழப்பீடு கொடுத்து, மலைமீது 300 அடிப் புகைபோக்கி எழுப்பியது. உயரப் போன புகை அப்பாலுள்ள புல்வெளிகளில் இறங்கியது. 1905 இற் கமக்காரர் வழக்குத் தொடுத்தனர். அதற்காக ஆர்க்கின்சு, சுவெயின் என்னும் இரசாயனவியலார் இருவர் புகையைப் பிடித்து அளந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 தொன் ஆசனிக்கு மூவொட்சைட்டு வானிற் கலந்தது என்பது அவர் கண்ட கணக்கு. வைக்கோலிலும் புல்லிலும் நஞ்சு இருந்தது. குதிரைகளின் மூக்கிற் புண் கண்டது. எனினும், 1909 இற் தீர்ப்புக் கூறிய நீதிபதி உலையை நிறுத்தக் கட்டளையிட மறுத்தார். அவ்வுலையை நம்பி ஒரு மாகாணத்தின் பொருளாதாரமே நின்றது என்பது அக்காலத்து நியாயம். கமக்காரர் பலர் நிலத்தை விட்டுப் போயினர்.

பத்தாண்டு கழித்து அங்கே 585 அடிப் புகைபோக்கி எழுந்தது. அதன் அடியில், பிரெதரிக்கு கொத்றல் 1908 இற் காப்புரிமை பெற்ற மின்வீழ்படிவாக்கி முறையில், மின்னேற்றிய தகடுகள் புகையிலுள்ள தூளைக் கவர்ந்து பிடித்தன. அது உண்மையான முன்னேற்றம். ஆயினும் உயர்ந்த புகைபோக்கியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது நஞ்சை நீக்குவதில்லை, பங்கிட்டுக் கொடுக்கின்றது. உலை 1980 இல் மூடப்பட்டது. புகைபோக்கி மட்டும் இன்றும் நிற்கின்றது. சுற்றியுள்ள மண்ணில் ஆசனிக்கும் நிற்கின்றது.

நிற்க. வறுத்தலின் நுட்பத்தை இனிப் பார்ப்போம். முன்னையோர் நெருப்புத் தூய்மை செய்யும் என்று நம்பித் தாதுக்குக் காற்றை வாரி வழங்கினர். இயற்கை இங்கு ஒரு சூது வைத்திருக்கின்றது. காற்று மிகுந்தால் ஆசனிக்கு மூவொட்சைட்டோடு நில்லாது மேலும் ஒட்சிசனைப் பெறும். அவ்வாறு பெற்றதும், பக்கத்திலுள்ள இரும்பொட்சைட்டோடு கூடி இரும்பாசனேற்றாகின்றது. அது எளிதில் ஆவியாகாது. ஓடவேண்டிய கள்வனுக்கு வீட்டினுள்ளேயே ஒரு அறை கொடுத்து இருத்தியது போலாகும். காற்றைக் குறைத்தாலோ எனாகைற்று வெப்பத்தால் உடைந்து, ஆசனிக்குக் கந்தகத்தோடு சேர்ந்தே ஆவியாய் வெளியேறும். செம்பு தன் கந்தகத்தோடு பின்தங்கும். ஆதலால் 700 பாகை சதமத்தை அடுத்த வெப்பத்தில், வேண்டிய அளவு மட்டும் காற்றுவிட்டு வறுத்தல்வேண்டும். இதனைப் பகுதி வறுத்தல் என்பர். கந்தகம் முழுதும் போய்விடாமற் காத்தலும் இதன் பயன்களுள் ஒன்று. அடுத்த உலையிற் செம்பைத் திரட்டுதற்கு அது வேண்டும்.

இன்றைய வறுவுலையில் அரைத்த செறிதாது கீழிருந்து எழும் காற்றில் மிதந்து, கொதிக்கும் உலையரிசிபோல் ஓயாது புரண்டுகொண்டிருக்கும். துகளொவ்வொன்றும் ஒரே சூட்டினையும் ஒரே காற்றினையும் பெறுவதால் அளவு தவறுவதில்லை. எரியும் கந்தகமே வெப்பம் தருதலின் எரிபொருள் மிகுதி வேண்டுவதில்லை. வெளிவரும் வாயுவிலிருந்து முதலிற் செம்புத் தூளைப் பிரிப்பர். பின்னரே, தனி அறையிற் காற்றைத் தாராளமாக விட்டு ஆசனிக்கை மூவொட்சைட்டாக்குவர். குளிரச்செய்து தூளைப் பிடிப்பர். எஞ்சிய கந்தகவீரொட்சைட்டு அமிலச்சாலைக்குச் செல்லும். சிலி நாட்டில் மினிஸ்திரோ ஆலேசு சுரங்கத்தில் 2013 இல் அமைந்த இத்தகைய உலை ஆண்டுக்கு ஐந்தரை இலட்சம் தொன் செறிதாதினை வறுக்குமளவுக்குக் கட்டப்பட்டது. நூற்றுக்கு நாலு பங்குக்கு மேலிருந்த ஆசனிக்கை 0.3 அளவுக்குக் குறைத்தலே அதன் நோக்கம்.

வறுத்தல் எல்லா நஞ்சுக்கும் மருந்தன்று. இரசம் உடனே ஆவியாகிப் போகும். வாயுவை இரசக் குளோரைட்டுக் கரைசலாற் கழுவி அதனைப் பிடிப்பர். அந்திமனி அரைமனத்தோடு போகும். பிசுமது பெரும்பாலும் அசையாது. அந்திமனி மிக்க தாதுக்கு நீர்முறை ஒன்றுண்டு: சோடியம் சல்பைட்டும் எரிசோடாவும் சேர்ந்த சூடான கரைசலில் ஊறவைத்தால் அந்திமனியும் ஆசனிக்கும் கரைந்து வெளியேற, செம்பு சல்பைட்டாய்க் கரையாது நிற்கும். புகையில்லை என்பது இம்முறையின் சிறப்பு. கரைசலைப் பின்னர் என் செய்வது என்பது இதன் தலைவலி. இவற்றுக்கும் முன்னதாக, தாதினை அரைத்து நுரையில் மிதக்கவிடும் கட்டத்திலேயே எனாகைற்றுத் துகளைச் சல்கோபைரைற்றிலிருந்து பிரிக்கவும் முயல்வர். இரண்டும் நுரையில் ஏறும் இயல்பினவாதலால் இப்பிரிப்பு எளிதன்று. செய்தாலும், எனாகைற்றில் உள்ள செம்பை எறிந்துவிட எந்தச் சுரங்க முதலாளிக்கும் மனம் வராது.

இப்போது முன்னர் ஒத்திவைத்த வினாவுக்கு வருவோம். பிடித்த நஞ்சை எங்கே வைப்பது? சிறு கணக்கொன்று போடலாம். நூற்றுக்கு ஒரு பங்கு ஆசனிக்குள்ள செறிதாது ஆண்டுக்கு ஓரிலட்சம் தொன் எனின், அதில் ஆயிரம் தொன் ஆசனிக்கு உண்டு. முழுதும் பிடித்தால் 1320 தொன் வெள்ளைப் பாஷாணம். ஒரு காலத்திற் பருத்தி வயலும், கறையானுக்கெதிராக நஞ்சூட்டும் மரமும், கண்ணாடித் தொழிலும் அதனை வாங்கின. அவ்வழிகள் ஒவ்வொன்றாய்ப் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. அடைபட்டதும் நன்றே.

வாசிங்டன் மாகாணத்துத் தக்கோமா உலை, பிறர் ஏற்காத ஆசனிக்குத் தாதினை ஏற்றுப் பிழைத்தது. பிலிப்பைன்சு நாட்டு இலெப்பாந்தோச் சுரங்கத்தின் எனாகைற்றும் அங்குச் சென்றது. 1983 இல் மத்திய அரசின் சூழற் பாதுகாப்புத் தலைவர் இரக்கல்சவுசு அவ்வூர் மக்களிடமே வினவினார்: உலையை மூடினாற் பல நூறு பேர்க்கு வேலை போகும், மூடாவிடிற் சிலர்க்குப் புற்றுநோய் வரும், நீங்கள் என் சொல்கின்றீர்? வினா மக்களைப் பிளந்தது. விடை வருமுன்னே செம்பு விலை வீழ்ந்து உலை 1985 இற் செம்புருக்குதலை நிறுத்தியது. சுற்றியுள்ள ஆயிரம் சதுர மைலுக்கும் மேற்பட்ட நிலத்தில் அதன் ஈயமும் ஆசனிக்கும் படிந்திருந்தமை பின்னர் அறியப்பட்டது. கனடாவின் எலோநைவிலிருந்த கயன்று என்னும் பொற்சுரங்கமும் இதே வறுத்தலைச் செய்தது. தூளைப் பிடித்தனர். பிடித்ததைச் சுரங்க அறைகளிற் கொட்டினர். அங்கே 237,000 தொன் கிடக்கின்றது. நீரிற் கரையும் தூளாதலின், சுற்றியுள்ள பாறையையே உறையவைத்துக் காக்கும் ஏற்பாட்டை அரசு மேற்கொண்டுள்ளது.

உருக்கும் நாடுகளும் இப்போது எச்சரிக்கையாயின. சீன தேசம் நூற்றுக்கு 0.5 பங்குக்கு மேல் ஆசனிக்குள்ள செறிதாதினை இறக்குமதி செய்யவிடுவதில்லை. 0.2 பங்கைத் தாண்டியதும் விலையிற் கழிவு பிடித்தல் வணிக வழக்கு. இதனால் நஞ்சுள்ள தாதினை நல்ல தாதோடு கலந்து அளவுக்குள் வரச்செய்யும் தொழிலொன்று வளர்ந்திருக்கின்றது. பாலில் நீர் கலப்பவன் அறிந்த கணக்கே அது. கலப்பதால் ஓர் அணு ஆசனிக்கும் குறைவதில்லை. பல உலைகளுக்குச் சிறிது சிறிதாகப் போகின்றது. நல்ல தாது மிகுந்திருக்கும்வரை இது செல்லும். ஆனாற் பழைய சுரங்கங்கள் ஆழமாக ஆழமாக ஆசனிக்குக் கூடும் இடங்கள் பலவுள. மின்சார வண்டிக்கும் காற்றாலைக்கும் செம்பின் தேவையும் ஏறுகின்றது.

சேமித்து வைப்பதற்கு இன்று நம்பத்தக்கதாய்க் கருதப்படுவது கொரோதைற்று என்னும் கனி. இரும்பும் ஆசனிக்கும் ஒட்சிசனும் நீரும் கூடிய அது இயற்கையிலும் உண்டு. வறுவுலைத் தூளைக் கரைத்து, ஆசனிக்கை முற்றாக ஒட்சியேற்றி, இரும்புப்பைச் சேர்த்துச் சூடான அமிலக் கரைசலில் மெல்ல வளரவிட்டால் நல்ல பளிங்காய் வீழ்படியும். வறுவுலையில் நமக்குப் பகையாயிருந்த அதே இரும்பும் ஆசனேற்றும் இங்கே காவலாகின்றன. சிலியில் இத்தொழில் நடைபெறுகின்றது. செலவு சிறிதன்று, மேற்கூறிய ஆயிரம் தொன் ஆசனிக்கு இவ்வுருவில் மூவாயிரம் தொன்னுக்கு மேலாகும். வைக்கும் இடத்தையும் பார்த்து வைக்கவேண்டும். சிறிது புளித்த நீரில், காற்றுப்படும் சூழலில் அது மிக அரிதாகவே கரையும். சுண்ணாம்பு கலந்த கழிவோடோ, அழுகும் இலைகுழையோடோ சேர்த்துப் புதைத்தால் இரும்பு வேறு ஆசனிக்கு வேறாகப் பிரிந்து, ஆசனிக்கு மீண்டும் நீரில் இறங்கிவிடும். ஆதலால், அக்குவியலின் அடியிலிருந்து ஊறும் நீரை எடுத்துச் சோதிக்கும் வேலை, சுரங்கம் மூடி உலை அணைந்த பின்னரும் தொடர்கின்றது.